வெட்ட மறந்த முழங்கை

மார்ச் 4

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ராணுவ முகாம் வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து நாடு, நம் பாட்டுக் குழுவுக்குக் கட்டில் போட்டு உபசரிக்கிறது. அவர்கள் பாட, நம்மவர்கள் பாட, ஒரே கச்சேரிதான். நான் பத்திரிகைக்காகச் சிப்பாய்கள் துணி துவைப்பது, சவரம் செய்வது, பொத்தான் தைப்பது என்று படமாக எடுத்துத் தள்ளுகிறேன். எனக்குத் துணைக்கு அவர்கள் கேப்டன் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நம் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறார்.

மெமரி கார்டு இத்துடன் இருக்கிறது. மாதக் கடைசியில் இங்கே இந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், அதற்கு நம் ஸ்டூடியோவிலேயே பிரிண்ட் போடுங்கள். உங்கள் கை பட்டால்தான் எனக்குத் திருப்தி. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 13

வாயாடிக்கு,

சாப்பிடுகிறேன். படங்களையும் பார்த்தேன். நீ சிப்பாய்களை எடுக்கப் போனாயா, கேப்டனை எடுக்கப் போனாயா? துவைக்கிற இடத்தில் ஓரமாகக் கேப்டன், சமையல்கட்டில் ஓரமாகக் கேப்டன். எல்லாவற்றிலும் உன்னையே பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். நான் இங்கே பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களிடம் சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள் என்று நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துகிறேன். வயிறு எரிகிறது, மறைப்பானேன்? கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு படம் எடுத்திருப்பாயா நீ?

பிரிண்ட் எல்லாம் அனுப்பிவிட்டேன். ஓரங்களை மட்டும் கொஞ்சம் வெட்டிச் சரி செய்தேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

எல்லைக் கட்டடத்தில் கண்காட்சி முடிந்தது. கேப்டனின் மனைவி கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவருக்கு விடுப்பே கிடைக்கவில்லை, அன்றும் முகாமை விட்டு வர விடவில்லை. படத்திலாவது என்னைக் குழந்தைக்குக் காட்டு என்று அவளுக்கு எழுதியிருந்தாராம். அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை. கேமராவை உங்கள் மனைவி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

சுவர் முழுக்கத் தேடினாள். எதிலுமே ஆளைக் காணோம். எனக்குத் தலை நிமிரவில்லை. கடைசியில் பொத்தான் தைக்கிற படத்தின் ஓரத்தில், நீங்கள் வெட்ட மறந்த ஒரு முழங்கை. குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இதோ பாரு, அப்பா" என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் கை எனக்குத் தெரியாதா?"

உங்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே இருந்தீர்கள், படம் எதற்கு என்றிருந்தேன்.

வெட்டாத படங்களை அவளுக்கு அனுப்புங்கள், விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. பாட்டுக் குழுவின் அடுத்த சுற்றுக்கும் இங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டேன். இனி பிரிண்டும் இங்கேயே போட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாயாடி