சிவப்பு விளக்கில் சிவப்புப் பொட்டு

நாள் 58 · 07:10
நிழல்-2 நிலையம், நிலவின் தென்முனை. ஆட்கள் இருவர். எழுதுவது மாரிக்கனி, தாவரப் பிரிவு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தக்காளி பதினொன்று பழுத்திருக்கிறது.

வடிகட்டி டப்பா இரண்டு தீர்ந்தன. நாங்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்வது இந்த டப்பாதான். புதியதும் தீர்ந்ததும் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். டப்பாவின் வரிசை எண்ணைக் கணினியில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நான் கூடுதலாக, தீர்ந்ததன் மூடியில் விரலால் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கிறேன். அப்பா பெயிண்டர். காலி டப்பாவுக்கு அவர் அப்படித்தான் அடையாளம் வைப்பார். சொந்தப் பொருளாக நான் கொண்டுவந்ததும் மூன்று பெயிண்ட் ட்யூப்தான்: சிவப்பு, மஞ்சள், நீலம்.

இங்கே இருக்கும் இன்னொருவர் ஞானமுத்து அண்ணன். மின்பிரிவு. நாகர்கோவில்காரர். என்னை ‘மக்களே’ என்பார், பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. கிடங்கிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார்.
“மக்களே, டப்பாவுக்கெல்லாம் பொட்டு வச்சு பெண்ணு பாக்க இருத்திருக்கியா?”
சிரித்தேன்.  எனக்குப் பதில் எப்போதும் அரைமணி கழித்துத்தான் தோன்றும்.

நாள் 60 · 16:20
மின்சாரம் நின்றது. எங்கள் அணுமின் கலம் எழுபது கிலோமீட்டர் தள்ளி, சூரியன் படாத பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இணைப்புப் பெட்டியில் கோளாறு. சேமிப்பு மின்கலத்தில் ஓடுகிறோம்.

தரைநிலையம்: “நீலம், பச்சை விளக்குகளை அணையுங்கள். சிவப்பு மட்டும் எரியட்டும், அதற்குத்தான் குறைந்த மின்சாரம். பதிவுக் கணினியையும் நிறுத்துங்கள். ஞானமுத்து நாளை கிளம்பட்டும்.”

தீர்ந்த டப்பாக்களைச் சரக்குக் கலத்தில் திருப்பி அனுப்ப வசதியாக முன்வரிசைக்கு நகர்த்தி அடுக்கினேன். வேலை சுத்தமாக முடிந்தது.

நாள் 61 · 06:05
அண்ணன் கிளம்பினார். வண்டியில் உள்ள மின்சாரம் போவதற்கு மட்டும் போதும். பழுது பார்த்து, அங்கேயே ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

கிளம்பும்முன் கிடங்கிலிருந்து: “ஆறு டப்பா எடுத்தாச்சு மக்களே. முன்னால இருந்ததுதான். ஒண்ணுலயும் பொட்டு இல்ல, எல்லாம் சுத்த வெள்ளை.”

அப்போது மனதில் ஏதோ இடறியது. என்னவென்று பிடிபடவில்லை. தரைநிலையத்தார் இணைப்பில் இருந்தார்கள், பெரிய பொறியாளர்கள் ஐந்து பேர். நடுவில் புகுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. கல்லூரியிலும் வகுப்பில் நான் சந்தேகம் கேட்டதே இல்லை. முடிந்தபின் வராந்தாவில் நின்று கேட்பேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாள் 61 · 11:40
தக்காளி பறித்தேன். வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால் தட்டில் பழம் தெரியவில்லை. பழமும் தட்டும் ஒரே நிறம். இலைகள் மட்டும் கறுப்பு.

சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளை, சிவப்பாகத் தெரியும். சிவப்பும் சிவப்பாகவே தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்காது. எனக்கு இது தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன்.

முன்வரிசை.

நாள் 61 · 11:58
கூப்பிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து அரைமணிதான் ஆகியிருந்தது. அங்கே இணைப்புப் பெட்டி இருக்கும் கொட்டகையின் விளக்கும் சிவப்பு, அவர் விண்வெளி அங்கியின் தலைவிளக்கும் சிவப்பு. அங்கியின் மணிக்கட்டில் ‘எல்லாம் சரி’ என்று காட்டும் பச்சை விளக்கு ஒன்று உண்டு, மிளகளவு. மற்றதை அணைத்துவிட்டு ஒவ்வொரு மூடியையும் அதனருகில் பிடிக்கச் சொன்னேன். சிவப்பு பெயிண்ட் பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிடும். பொட்டு இருந்தால் கறுப்பாகத் தெரியும்.

“ஒண்ணு... கறுப்பு. ரெண்டு... கறுப்பு. நீ சொன்னது சரிதான் பிள்ளே. மூணு, கறுப்பு.”
மீதி மூன்று மூடியையும் பிடித்துப் பார்த்தார்.
“ஆறும்.”

நான் சொன்னது சரி.

நாள் 61 · 12:30
கணக்கு. அங்கியிலும் வண்டியிலும் மாட்டியிருப்பவை சேர்த்து அவருக்கு இரவு 20:40 வரை காற்று. பழுது பார்க்க ஏழு மணி நேரம். வண்டிக்கு மின்சாரம் ஏற்றப் பத்து மணி நேரம். திரும்பும் பயணம் ஐந்து. நான் நல்ல டப்பாவுடன் இங்கிருந்து, அவர் அங்கிருந்து நடந்தால் சந்திக்கப் பதினைந்து மணி நேரம். மூன்று முறை போட்டேன். வேறு வழியாக ஒரு முறை. அங்கியைப் போட்டுக்கொண்டேன்.

தரைநிலையம்: “மாரிக்கனி, கதவைத் திறக்காதீர்கள். அவரை அடையமாட்டீர்கள். திரும்பவும் முடியாது.”
“நான் அடையாளம் வச்சது தப்பு. நான்தான் போகணும்.”
ஞானமுத்து: “ஏ பிள்ளே, அங்கியைக் கழத்து. சேமிப்பு மின்கலம் நாளைக்குத் தீந்துரும். பெட்டி சரியாவலன்னா நீயும் இல்ல. நான் இங்க வேலையப் பாக்கேன். சும்மா இருந்தா மூச்சுதான் எண்ணத் தோணும். நீ பேசிக்கிட்டே இரி.”
“என்ன பேச அண்ணே?”
“பொட்டு ஏன் தெரியலன்னு வெவரமா சொல்லு. கிளாஸ் எடு.”

நாள் 61 · 15:15
பேசிக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. சுருக்கம் மட்டும் குறிக்கிறேன்.

வெளிச்சத்தில் மூலநிறம் சிவப்பு, பச்சை, நீலம். மூன்றையும் ஒரே இடத்தில் விழவைத்தால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்.
“போ பிள்ளே. பச்சையும் செவப்பும் கலந்தா சாணிக் கலரு.”
அது பெயிண்ட் அண்ணே, என்றேன். பெயிண்ட் வெளிச்சம் தராது, தின்னும். சிவப்பு பெயிண்ட் பச்சையையும் நீலத்தையும் தின்றுவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பித் தரும். ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் இரண்டும் தின்னும், இருட்டிக்கொண்டே போகும். வெளிச்சம் கூட்டல். பெயிண்ட் கழித்தல்.

நிரப்பு நிறம் என்றேன். அது என்ன என்று கேட்டார். ஒரு நிறத்தோடு எது சேர்ந்தால் வெள்ளை முழுமையாகுமோ அது. சிவப்புக்குப் பச்சைநீலம். நீலத்துக்கு மஞ்சள். அப்பா சுண்ணாம்பில் துளி நீலம் விடுவார். சுண்ணாம்பில் மஞ்சள் ஓடியிருக்கும், நீலம் அதை அடக்கிவிடும், சுவர் பளிச்சென்று ஆகும்.
“எங்க அம்மை எனக்க பள்ளிக்கூடச் சட்டைய நீலத்துல முக்குவா. நீலம் கூடிப்போயி நான் ஆகாசம் மாதிரி போவேன். பயலுவ சிரிப்பானுவ.”
அவரும் சிரித்தார். சிரித்தபின் மூச்சு வாங்கியது.

நாள் 61 · 17:30
அவருக்குத் தலைவலி. விரல் சொன்னபடி கேட்கவில்லை என்கிறார். வண்டியின் டப்பா கணக்குக்கு முன்பே தீர்கிறது. நான் நிறுத்தினால் “ம், அப்புறம்?” என்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன்.
“அந்தக் கிடங்குல பொட்டைத் தேடுனது எனக்க கண்ணு. என்ன வெளக்குல பாக்கோம்னு எனக்கும் தோணல. பாதி பாதி வச்சுக்கிடுவோம். எனக்க பாதிய நீ எடுக்காத. கேட்டியா?”
கேட்டது என்றேன்.

நாள் 61 · 18:52
விளக்குகள் எரிகின்றன. பச்சை, நீலம், எல்லாம்.

“வெளிச்சம் வந்துட்டா மக்களே?”
“வந்திருச்சு அண்ணே.”
“என்ன... கலரு?”
“வெள்ளை.”
“ம்.”

நான் பார்த்தது வெள்ளை இல்லை. ஒரு நாளுக்கு மேல் சிவப்பையே பார்த்த கண் சிவப்புக்குச் சலித்துப்போயிருந்தது. சுவர், மேசை, கொக்கியில் தொங்கும் அவர் வெள்ளைச் சட்டை எல்லாம் பச்சைநீலமாக நின்றன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அதற்குள் அவர் பேசுவது நின்றிருந்தது. நான் 20:40 வரை பேசினேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

நாள் 63 · 09:00
தரைநிலையம்: “மீட்புக் கலம் பதினாறு நாளில் வரும். இருக்கும் டப்பாக்கள் ஒருவருக்குப் போதும்.”
இருவருக்கு எட்டு நாள்தான் வந்திருக்கும். அவர்கள் அதைச் சொல்லவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும்.

வருகிறவர்களுக்கு: மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, தீர்ந்த டப்பா ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கில் அது கறுப்பாகத் தெரியும். எந்த விளக்கிலும் இரண்டில் ஒன்று தெரியும். முன்வரிசையில் ஆறு இடம் காலி. அதில் எதையும் வைக்காதீர்கள்.

நாள் 66 · 06:05
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பழுத்ததைப் பறிக்கவில்லை.

தினமும் இந்த நேரத்துக்கு அவர் அலைவரிசையைத் திறக்கிறேன். தரைநிலையத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். இன்றும் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

“அண்ணே, நில்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்.

எந்த விளக்குல பாத்தீங்க?”