அட்டை போட முடியாத புத்தகம்

அன்புள்ள அக்ஷயா கண்ணுக்கு,

யாருமே நம்பமாட்டாத கதையொன்றை மருதமலை முருகன்மேல் ஆணையாக எழுதுகிறேன்.

உன் மின்னூல் விற்கிற காசெல்லாம் நம்மூர் நூலகத்துக்கு என்று நீ அறிவித்த மறுநாளே உங்கப்பா அங்கே கிளம்பிவிட்டார். உன் கல்யாணத்திலிருந்து உன்கூடப் பேசாத மனுஷனுக்கு அங்கென்ன வேலை? நன்கொடையைத் தடுக்கத்தான் போகிறார் என்று சந்தேகப்பட்டு, முக்காடு போட்டு ஒட்டகத்தில் பின்தொடர்ந்தேன்.

உள்ளே நூலகரிடம் வழி கேட்டு, செல்போனிலேயே உன் புத்தகத்தை லட்சம் பிரதி வாங்கிப்போட்டார்! அவர் அழுத அழுகையில் நொய்யலில் வெள்ளம். அட்டை போடாமல் எந்தப் புத்தகத்தையும் தொடாதவரல்லவா, நூலகர் கீதாவிடம் செல்போனை நீட்டி, "ஏனுங்க அம்மணி, இதுக்கு எப்படிங்க அட்டை போடறது?" என்றார்.

ஒட்டகமும் வெள்ளமும் பொய். வாங்கியதும் ஒரே பிரதிதான். ஆனால் அட்டை கேட்டது நெசம், கண்ணு.

இப்படிக்கு,
வேவு பார்த்த சித்தப்பன்