ஐந்து பேரில் நீயும்

என் ராசம்மா அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. கிள்ளானில் ஒரே மழை. பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீட்டுத் துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

ஒன்று சொன்னால் சிரிப்பாய். நீ போனபின் மூன்று வெள்ளிக்கிழமை காலையிலேயே குளித்து, புடவை கட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் ஐவரின் வழக்கம் தெரியுமே. எந்தக் கோயில் என்று சரோ பாக்கியத்தைக் கூப்பிடுவாள், பாக்கியம் ராணியை, ராணி உன்னை, நீ என்னை. என் 'சரி' அதே வழியில் திரும்பிப் போனால்தான் கிளம்புவோம்.

போன் அடிக்கவே இல்லை. என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம் உண்டல்லவா, நானும் கூப்பிடவில்லை. கடைசியில் சரோதான் போனில் சண்டைக்கு வந்தாள்.

"ஏன்டி லட்சுமி, உனக்கு மட்டுந்தான் துக்கமா? மூணு வாரமா உன் பதிலுக்காக எங்கயும் போகாம கெடக்கோம்!"

"என்னை யாரு கேட்டா?"

அவள் பக்கத்திலிருந்து ராணி கத்தினாள்: "நான் எப்பவும் ராசம்மாக்காகிட்டதானே சொல்வேன்! கிள்ளான் நம்பர் என்கிட்ட ஏதுலா? சரோக்கா சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

நடுவில் நீ இல்லாமல் சேதி ராணியோடு நின்றுபோயிருக்கிறது, அக்கா.

கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி கவிதா, "பாட்டி, என் வேலையே இதுதான்!" என்றாள். அவள் சைபர்ஜெயா கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ன செய்கிறாள் என்று ஐந்தாம் வகுப்பு படித்த நான் சொல்கிறேன், கேள். ஐந்து கம்ப்யூட்டர்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஒன்று செத்தாலும் வேலை நிற்கக் கூடாது. அதைச் சீக்கிரமாகவும் நடக்க வைக்கிறாள் என் பேத்தி.

"ஒன்னுக்குப் பின்னால ஒன்னா சொல்லிக்கிட்டுப் போனா மெதுவாத்தான் போகும். நடுவுல ஒன்னு செத்தா அங்கேயே நின்னுடும். ஒருத்தர் எல்லாரையும் ஒரே நேரத்துல கேக்கணும். அஞ்சுல மூணு 'சரி' வந்தா கிளம்பிடணும். செத்ததுக்காகக் காத்திருக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப இனிமே நாலு பேருதானா?"

"இல்ல பாட்டி. செத்ததையும் சேத்து அஞ்சுன்னுதான் எண்ணணும். அதை எடுக்கணும்னாலும் மூணு பேரு ஒத்துக்கணும். தானா போயிடாது."

அவளே போனில் ஒரு குழு அமைத்துத் தந்தாள். உன் நம்பரையும் சேர்க்கச் சொன்னேன். போன வியாழன் நானே எல்லாரையும் ஒன்றாகக் கேட்டேன். சரோவும் பாக்கியமும் உடனே 'சரி' என்றார்கள். என்னோடு மூன்று. ராணி தூங்கி எழுவதற்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் கோயிலுக்குக் கொமுட்டர் ரயிலில், நீ உட்காரும் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு போனேன். இத்தனை வேகம் எனக்கு எதற்கு, அக்கா? அந்தச் சுற்றி வளைத்த வழியில்தானே வாரம் தவறாமல் உன் குரல் வந்தது?

நேற்று சரோ, "செத்தவ நம்பர் எதுக்குடி, எடுத்துடுவோமா?" என்று குழுவில் கேட்டாள். ராணி 'சரி' போட்டாள். நான் பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவளும் போடவில்லை, நானும் போடவில்லை.

சரோவோடு சேர்த்து இரண்டுதான் ஆயிற்று. மூன்று சேர விடமாட்டேன். நான் இருக்கிறவரை நீ ஐந்தில் ஒருத்தி.

உன் கூடப் பிறக்காத தங்கை,
கிள்ளான் லட்சுமி