பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டைகள்

ஆவணி 12, வியாழன்

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா அண்ணன் காலையில் தென்னை மட்டைகளைக் குவித்து எரிக்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"எரிச்சா அம்புட்டும் புகையாப் போயிரும்ண்ணே. எனக்குக் குடுங்க. குழியில மூட்டம் போட்டுக் கரியாக்கி வயல்ல சேத்துக்கிறேன். புகையாப் போறது மண்ணுக்குள்ளயே கெடக்கும்."

"ஒத்தையிலயா இம்புட்டு வேலையும் பாக்குற?" என்றார்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வரப்பைத் தாண்டி இங்கே யாரும் வருவதில்லை. சாயங்காலம் அண்ணனே மட்டைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கரி போட்ட பாத்தியில் கத்தரிச்செடி நிற்கிற அழகை அவரிடம் காட்ட வேண்டும் என்று அவசரமாக டீ போட்டேன். இரண்டு டம்ளரோடு வெளியே வந்தால், மட்டைகள் வேலியோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவர் போய்விட்டிருந்தார்.

இரண்டு டீயையும் நானே குடித்தேன். அதனால்தானோ என்னவோ, தூக்கம் வரவில்லை.