சாப்பாட்டு மேஜை வழக்கு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் தலைவலி, காய்ச்சல் என்று எதுவுமில்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஆட்சேபம் தெரிவிக்கிறது, நானும் அதைத் தள்ளுபடி செய்துவிட்டு ஏறிக்கொண்டிருக்கிறேன். என்ன இது, இந்தக் காலத்தில் போய்க் கடிதம் என்று நீ கண்ணை உருட்டுவாய், உருட்டிக்கொள். நீ கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆபீஸை மூடிட்டு ஒரேயடியா எங்களோட வந்து இரும்மா, இந்த வாரத்துக்குள்ள முடிவு சொல்லு, வாய்தா மேல வாய்தா வாங்காதே என்று சொன்னாய். வக்கீல் பெற்ற பெண் அல்லவா, பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பதில் வரும், ஆனால் தாவிப் போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே, ஒழுங்காக வரிசையாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு டாக்டர் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது, அவர்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தால் ஒரு தெம்பாக இருக்கும், இப்போது அதுவும் இல்லை. மாலை நேரச் சட்டக் கல்லூரியில் என் வகுப்பும் இந்த வருடத்தோடு முடிந்தது, கடைசி நாள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு பேனா கொடுத்தார்கள், பின்வரிசையில் எப்போதும் தூங்குகிற பையன்தான் அதிகமாக அழுதான். இத்தனை காலம் பகலெல்லாம் கோர்ட்டில் கத்திவிட்டு, சாயங்காலம் சாக்பீஸைக் கையில் எடுத்து மறுபடியும் கத்தியவள், இப்போது ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் விவாதம் பேசுகிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்கிறேன், ஒருத்தனும் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான். ஒருத்திக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை, எப்போதும் மிஞ்சிப் போகிறது, அதை அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். ஆபீஸும் அப்படித்தான். குமாஸ்தாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம், யாராவது படியேறும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் அவசரமாக நிமிர்ந்து ஆளுக்கொரு கேஸ் கட்டை விரித்துக்கொள்வோம், பார்த்தால் கீழ்க்கடைக்காரர் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போய்க்கொண்டிருப்பார். உன் அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மிச்சமிருப்பது சமரச மையம்தான். வழக்கு கோர்ட்டுக்குள் போவதற்கு முன்னால் இரண்டு தரப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்போமே, அது. சம்பளம் கிடையாது, கறுப்புக் கவுன் கிடையாது, ஒரு வட்ட மேஜை, நாலு நாற்காலி, ஓயாமல் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அதற்குத் தலைவி இப்போது என் பழைய மாணவி, நம் வீட்டுக்கு வந்து புத்தகமாக அள்ளிக்கொண்டு போய் ஒன்றையும் திருப்பித் தராமல் இருந்தாளே, அவளேதான், நீதிபதியாகிவிட்டாள். அவளும் இந்த வாரம்தான் கடைசிக் கெடு வைத்திருக்கிறாள். மேடம், இன்னும் ஒரு தவணை இருங்க, நீங்க போயிட்டா இந்த அறைக்கு நான் யாரைப் போய்த் தேடுவேன் என்கிறாள். சம்மதக் கையெழுத்துக்காக அவள் இரண்டு மாதம் முன்னால் கொடுத்த தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நீ அப்போதிருந்தே கேட்டுவரும் கேள்வியை மண்டைக்குள் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சாப்பாட்டு மேஜை வழக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வராந்தாவில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தால் இன்னமும் உள்ள போங்க, உள்ள போங்க என்று எல்லாரையும் நகர்த்துவார். மகன் மேல் மனு கொடுத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், மகனுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றலானதும் வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் அங்கே போய்விட்டான், இவர் இரண்டு அறை இருக்கிற ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார். போகும்போது ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம், அது திரும்பி வர வேண்டுமாம், இதுதான் வழக்கு. என்னோடு மையத்துக்கு வந்திருந்த குமாஸ்தா குனிந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நாற்காலிக்கும் கதவுக்கும் அடித்துக்கொண்டு தலை நரைக்கிற வரை கோர்ட் வாசலில் நின்றவர்களையெல்லாம் பார்த்தவள் நான். இரண்டு பேரையும் வரச் சொல்லி ஒரு நாள் குறித்தேன்.

இனிமேல்தான் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம். அதற்கு முந்தின நாள் காலையிலேயே மகனுக்குப் போன் போட்டேன். அந்த மேஜையா மேடம், இங்க அது இடைஞ்சலாத்தான் கிடக்கு, இன்னைக்கே லாரியில ஏத்தி விட்டுடறேன், லீவு கிடைக்கிறதுதான் கஷ்டம், நான் வரணுமா என்றான். நல்ல மாதிரிப் பேசுகிற பையன். தேவையே இல்லப்பா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு, அவன் சம்மதத்தை எழுதி முடித்துவிட்டு, மறுநாள் வராந்தாவுக்கு வந்தேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தை மழுங்கச் சிரைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, மடியில் அடுக்கு டப்பா ஒன்றை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ பரிசு விழுந்த சேதி சொல்கிற மாதிரி, ஐயா, ஜெயிச்சிட்டீங்க, மேஜை வந்துடும், உங்க பையன் இவ்வளவு தூரம் அலையக்கூட வேண்டாம் என்றேன். அப்ப அவன் வரலையா என்று கேட்டார். வர வேண்டியதில்லை ஐயா, எல்லாம் முடிஞ்சு போச்சு என்றேன். சரிம்மா என்று எழுந்து, வாசலில் நின்ற காவலாளியிடம் டப்பாவை நீட்டி, நீ சாப்பிட்டுட்டு வைப்பா, அப்புறமா வந்து வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனையையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை சிட்டு. ஒரு தரப்பு வராமலேயே வழக்கை முடித்துவிட்டேன் என்று நீதிபதி அறைக்கு ஓடினேன், அவளும் மேடம் மேடம்தான் என்றாள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் மனுஷன் மறுபடியும் வந்து நிற்கிறார், கையில் புது மனு. மேஜை வந்துவிட்டதாம், ஆனால் அவர் வீட்டு வாசலுக்குள் நுழையவில்லையாம், நடைபாதையிலேயே நிற்கிறதாம், மற்ற குடித்தனக்காரர்கள் இடித்துக்கொண்டு திட்டுகிறார்களாம், அதனால் மகன் வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். குமாஸ்தா இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார். நீதிபதி, வேணும்னே இழுக்கிறார் மேடம், தள்ளிடலாம் என்றாள். எனக்கும் சுருக்கென்று கோபம்தான். என்ன ஐயா, வாசல் அளவு பார்க்காமலா மேஜையைக் கேட்டீங்க என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அளவு எனக்குத் தெரியும்மா, இந்தத் தடவை போன்ல முடிச்சிடாதீங்க, நேர்ல வரச் சொல்லுங்க என்றார். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் மேஜைக்காக வரவே இல்லை. கறுப்பு அங்கி போட்ட நாளிலிருந்து கட்சிக்காரன் வாயைத் திறப்பதற்குள் அவன் வழக்கு என்னவென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள், இதைப் போய் விட்டுவிட்டேன்.

நேரில் ஆஜராக வேண்டும் என்று நானே நோட்டீஸ் அனுப்பினேன். மகன் வந்தான், ராப்பயணத்தில் கண் சிவந்து, தோளில் பையோடு, வந்ததும் வராததுமாக, கேட்டாருன்னு குடுத்தேன், இப்ப எடுத்துட்டுப் போங்கறாரு, இது என்ன மேடம் விளையாட்டு என்று குதித்தான். ஒரு கட்டு எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். இரண்டு தரப்பையும் தனியாக விட்டுவிட்டு நாங்கள் எழுந்து போகக் கூடாது, அப்படி விதி, அதை நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, இடுக்கு வழியே இரண்டு பேரும் தெரிந்தார்கள். முதலில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் பெரியவர் குரல், ஏன்டா இப்படி முடி கொட்டிப் போச்சு. மகன் சட்டென்று தலையைத் தடவிக்கொண்டு, அங்க தண்ணி சரியில்லப்பா என்றான். அப்புறம் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள், காய்ச்சிக் குடிக்கிறாயா என்று இவர், நேரமில்லை என்று அவன். மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் உள்ளே போனதும் பெரியவர் எழுந்து நின்று, ஏம்மா, அடுத்த வாய்தா எப்போ என்றார், அதை அவர் கேட்ட விதத்தில் மகன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். நான் அடுத்த மாதத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே படியிறங்கிப் போனார்கள். இந்த வழக்குல இன்னும் என்ன மேடம் பாக்கி என்று நீதிபதி கேட்டாள், மேஜை இன்னும் வாசலைத் தாண்டலம்மா என்றேன், அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். போன லீவுக்கு நீ வருகிறேன் என்றாய், நான் என்ன சொன்னேன், எதுக்குடி இவ்வளவு தூரம், பையனுக்குப் படிப்பு கெடும், எனக்கும் கேஸ் இருக்கு, வீடியோவுல பாத்துக்கலாம் என்றேன். நீயும் சரிம்மா என்றாய். இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லிவிட்டாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும், போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். எனக்கு என்னடி கேஸ், ஒரு கேஸும் இல்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பன் ஆத்தாள் முன்னால் உட்கார வைக்கிறவள், என் வழக்கில் மட்டும் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று எனக்கு எதிராகவே வாதாடி ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் என் பதில் இது. ஒரேயடியாக உன்னோடு வந்து இருக்க நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, மாப்பிள்ளை எவ்வளவு மனசாரக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. போன தடவை உங்களோடு இருந்தபோது காலையில் மூன்று பேரும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், நான் ஜன்னலோரம் நின்று போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சாயங்காலம் வரை என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது. இங்கே ஒரு கண்டக்டராவது தேதி கேட்கிறார். கைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இன்னும் ஒரு தவணை இருக்கப் போகிறேன். ஆனால் அம்மாவுக்கு வேலை இருக்கிறது, அவளுக்கு என்ன குறை என்று மட்டும் நினைத்துவிடாதே. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது சிட்டு. சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராமல் இருக்கிறதே, அது எனக்குத் தாங்கவில்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம் சுற்றி வளைத்தேன்.

நீ வா. கல்யாணமானதிலிருந்து நீ வந்ததெல்லாம் ஏதாவது ஒரு வேலையோடுதான், யார் வீட்டு விசேஷத்துக்கோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ, கடைசியாக அப்பாவுக்காக. ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தடவை வா. லீவுக்குக் காரணம் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, அம்மா கூப்பிட்டாள் என்று சொல். பையனையும் கூட்டிக்கொண்டு வா, நாலு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் அவன் ஒன்றும் கெட்டுப் போய்விட மாட்டான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இது கையில் கிடைத்ததும் பதறிப்போய் எனக்குப் போன் போடுவாய். அதெல்லாம் ஒண்ணுமில்லடி, ஏதோ மனசு கேக்காம எழுதிட்டேன், நீ இவ்வளவு தூரம் அலையாதே, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று நான் சொல்வேன், சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். நம்பாதே. டிக்கெட்டைப் போட்டுவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா