நூற்றைம்பதுக்கு நூறு

தெல்லிப்பழை
03.02.2025

அன்புள்ள மகள் உதயகலாவுக்கு,

நீ வீட்டுக்கு வருவது எனக்கு விருப்பமில்லை என்று பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் உனக்குப் போனில் சொன்னாராம். அது பிழை. ஒரு கிழமை, ஏழு நாள், நின்று நித்திரை கொண்டுவிட்டு வேலைக்குத் திரும்பட்டும் என்றுதான் சொன்னேன்.

டொக்டர் இரண்டு மாத லீவுக்கு எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை பிடிக்காதவர்களுக்கும் மன உறுதி இல்லாதவர்களுக்கும்தான் இந்த 'ஸ்ட்ரெஸ்' வரும். நீ அந்த இன்சூரன்ஸ் கம்பனிக்கு விரும்பிப் போனவள். உன் அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் எடுத்தேன்.

தில்லைநாதன், "பிள்ளைக்கு என்ன வருத்தம் அக்கா?" என்று கேட்டார். "பிரஷர்" என்றேன். இளைப்பாறிய மருந்தாளர் அல்லவா, "எவ்வளவு?" என்றார். நூற்றைம்பதுக்கு நூறு என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து முருங்கையிலை கொண்டுவந்து தருகிறார். நீ வந்ததும் தன் மெஷினால் காலையும் மாலையும் அளப்பாராம். அவர் முன்னால் சமாளித்துக்கொள்.

உன் அம்மா,
இராசமலர்

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குப் பிரஷர் இல்லை. டொக்டர் அளந்து பார்த்தார், சரியாக இருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்திருந்தால் உங்களுக்கு வெளியில் சொல்ல ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

வேலை பிடிக்காமல் இல்லை அம்மா. மூன்று பேர் விலகினார்கள். அவர்களுடைய பைல்களும் என் மேசைக்கு வந்தன. பிடித்ததால்தான் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். இப்போது போன் அடித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறேன். வேலை செய்யும் கந்தோரின் கழிவறையில் பைப்பைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதிருக்கிறேன். ஒரு கிழமை நித்திரையால் இது போகாது. திரும்பிப் போனால் அதே மேசைதான்.

அந்தியேட்டி முடிந்ததும் நீங்கள் பாடம் எடுத்தது உண்மை. அந்த வருஷம் முழுக்க எனக்குத் தலை பின்னிவிட்டது பெரியம்மா. வீட்டுக்கு வந்தால் உங்களால் அதுகூட முடியவில்லை.

கையை நீட்டிக்கொண்டு பிரஷர்காரி வேஷம் போட என்னால் முடியாது. தில்லைநாதன் மாமாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே அறைக்குள் இருந்துவிடுகிறேன்.

அன்பு மகள்,
கலா

தெல்லிப்பழை
17.02.2025

அன்புள்ள கலாவுக்கு,

திகதி போடாமல் எழுதியிருக்கிறாய். பெரியம்மா தலை பின்னிய கதையை இதற்குள் இழுக்க வேண்டாம்.

முந்தநாள் தில்லைநாதன் இலையோடு வந்தார். "தம்பி, பிள்ளைக்குப் பிரஷர் இல்லை" என்றேன்.

"குறைஞ்சிட்டுதே? முருங்கையிலை கேக்கும் எண்டு நான் சொன்னனானெல்லே!"

"இலையைத் திண்டது நான். பிள்ளை கொழும்பிலை. அவளுக்குப் பிரஷர் வரவேயில்லை, நான்தான் அப்பிடிச் சொன்னனான். மூண்டு பேற்றை வேலையைத் தனியச் செய்து அவளுக்கு ஏலாமல் போச்சு."

பைத்தியமோ என்று கேட்கக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப... விசரே அக்கா?"

"விசருமில்லை. உம்மடை மெஷினிலை தெரியாத வருத்தமும் இருக்குது, தம்பி."

கோபித்துக்கொண்டு போய்விட்டார். நேற்றுக் கோயிலில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். நான் பூசை முடியும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிடித்த வேலை ஒருவரை எப்படி விழுத்தும் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். கூட்டிய அறையைத் திரும்பவும் கூட்டுகிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நீ வா. எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்கமாட்டேன். எந்தத் திகதியில் வருகிறாய் என்பதை மட்டும் எழுது. போன் வேண்டாம், என் குரல் கடுமையானது, கேட்டால் நீ மனம் மாறிவிடுவாய். கடிதத்தில் பதில் எழுது.

அம்மா