உள்பக்கம் தைத்த வழி

ஞாயிறு, மத்தியானம்

என் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நாளைக்கு நீ தனியாக நடந்து பத்திரமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்தால்தான் இங்கே சுகம். சில புள்ளிகள் தாளைக் கிழித்திருக்கும், திட்டாதே, பிரெயில் குத்தூசியை அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன். நாளைக் காலைக்குள் இந்தக் கடிதம் உன்னிடம் வராது என்று தெரியும், ஆனாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய வழிப்படம் தப்பு. புது அறையிலிருந்து நீ வேலை செய்கிற ரொட்டிக் கடைக்கு உன்னை ஒரே ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு உன் நடைப் பயிற்சி டீச்சர் லீவில் போனாரே, தொட்டுப் படிக்கிற படம் நானே செய்து தருகிறேன் என்றுதான் சொன்னார், நான்தான் முந்திக்கொண்டு "நீங்க கோடு போட்டு அனுப்புங்க போதும், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன். முப்பது வருஷமாகத் துணியில் அடையாளம் உருட்டுகிற பல்சக்கரம் கையில் இருக்கிறது, இதென்ன பெரிய வேலை என்ற திமிர். கெட்டி அட்டையில் உருட்டினேன், மறுபக்கம் கோடு மேடாக எழும்பியது, அப்பாவைக் கண்ணை மூடித் தடவச் சொன்னேன், "பிரமாதம்" என்றார். அவருக்கு எது பிரமாதமில்லை, சாப்பாட்டில் உப்பு போட மறந்தாலும் பிரமாதம்தான்.

நேற்று ராத்திரி ஒரு வாத்தியார் சட்டைக்குக் கை வெட்டும்போது துணியைத் திருப்பிப் போட மறந்து இரண்டையும் இடது கையாக வெட்டித் தொலைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உன் படம் உறைத்தது. பின்பக்கமிருந்து அழுத்தினால் முன்பக்கத்தில் இடம் வலமாகிவிடுமே! எழுத்தையெல்லாம் சரியாகத் திருப்பித்தான் குத்தியிருக்கிறேன், அது உன் ஆறு வயசிலிருந்து வந்த பழக்கம், கோட்டை மட்டும் டீச்சர் போட்டது போட்டபடி உருட்டிவிட்டேன். நாள் முழுக்கத் துணியை உள்பக்கம் திருப்பித் தைக்கிறவள் செய்கிற காரியமா இது? உன் வீட்டு கேட்டுக்கு வெளியே இடது பக்கம் போனால் காலுக்குத் தட்டுப்படுகிற வரி ஓடு, அது முடிகிற இடத்தில் சிக்னல் கம்பம், பொத்தானுக்கு அடியில் பச்சை வந்தால் விரலில் சுழலுகிற குமிழ், எல்லாம் உனக்காகவே போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. வலது பக்கம் போனால் சரக்குக் கிடங்கு, நடைபாதையே கிடையாதாம், லாரிகள் பின்பக்கமாக வருமாம், ஹார்ன் அடித்தாலும் உனக்குக் கேட்காது. என் படம் உன்னை அங்கேதான் அனுப்புகிறது.

மெசேஜை விரலுக்குப் புள்ளியாக்கித் தருகிற உன் கருவிக்குள் ரொட்டி மாவு புகுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது, மெசேஜ் அனுப்பி என்ன பயன்? டீச்சர் போனை அணைத்து வைத்திருக்கிறார், உன் வீட்டுக்காரம்மா எடுக்கவே இல்லை, ரொட்டிக் கடைக்கு இன்றைக்கு விடுமுறை. "அவ கெட்டிக்காரி, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நூறு தடவை நடந்துவிட்டார். நான் பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தேன், இன்றைக்கே கிளம்பினாலும் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேருவேன் என்பதால் மறுபடி வெளியே எடுத்து வைத்தேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பையை மடிக்கும்போது மனசில் ஒரு ஓரத்தில், நீ கொஞ்சம் தடுமாறி "அம்மா, நீ வந்துடு" என்று சொல்லமாட்டாயா என்று இருந்தது. சீ, என்ன தாய் நான் என்று எனக்கே இருக்கிறது.

திங்கள், காலை

கடை திறக்கிற நேரத்துக்குப் போன் போட்டேன். அடுப்பு மேஸ்திரி எடுத்தார், நான் மூச்சு விடாமல் கொட்டியதைக் கேட்டுவிட்டு "உங்க பொண்ணு பத்து நிமிஷம் முன்னாடியே வந்து மாவு பிசையுதும்மா" என்றார். நான் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு உன் வாயருகே பிடித்தார், நான் சொல்லச் சொல்ல உன் உள்ளங்கையில் எழுதினார். நீ சிரித்துக்கொண்டே "டீச்சரோட போன அன்னிக்கு இடது பக்கம்தான் ஓடு தட்டுச்சு, படத்துல வலது பக்கம் இருக்கு, சரி, அம்மா உள்பக்கமா தைச்சிருக்கான்னு அட்டையப் புரட்டிப் பள்ளத்தைத் தடவிப் படிச்சேன்" என்றாய். படிக்கிறவளுக்குப் பள்ளமும் மேடும் ஒன்றுதான் போலிருக்கிறது. அழுதேன், சந்தோஷம் பாதி, மீதி என்னவென்று உனக்குத் தெரியும். அப்பா மட்டும் "நான்தான் சொன்னேனே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைகிறார்.

நான் தைத்துக் கொடுத்த பையில் "எனக்குப் பார்வையும் இல்லை, காதும் கேட்காது, சாலை கடக்கத் தோளைத் தொடுங்கள்" என்ற அட்டை இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார். கோல் முனை தேய்ந்தால் உடனே மாற்று. மாவுக் கையோடு கருவியைத் தொடாதே. நன்றாக இரு, உன் காலும் கையும் எப்போதும் உன் பேச்சைக் கேட்கட்டும்.

இன்னொன்று. இனி நான் உனக்குப் படம் போடப்போவதில்லை. ரயிலடியிலிருந்து உன் அறைக்கு வருகிற வழியை உன் கையாலேயே குத்தி எனக்கு அனுப்பு. அவசரமில்லை, நீ கூப்பிடும்போது வருகிறேன். அந்த ஊரில் வழி தெரியாதவள் நான்தானே.

உன் படம் வருவதற்குள் புரட்டாமல் படிக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
அம்மா